பதில் பாக்கி வைக்காதவர்

பெண் பார்க்க வந்த அன்று திருநகர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா. அம்மா. பெரியப்பா. தரகர். பெண். பெண்ணின் அம்மா. பெண்ணின் அப்பா. பெண்ணின் தாய்மாமன்.

இதில் அப்பா என்று உட்கார்ந்திருந்தவர் அப்பா இல்லை. தாய்மாமனும் தாய்மாமன் இல்லை. தாய்மாமனாக உட்கார்ந்திருந்தது நான். நான் வேன் டிரைவர்.

பெண்ணின் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். நாடகத்தில் ஸ்திரீபார்ட். அதாவது கதாநாயகி வேஷம் கட்டுகிறவர். கடைசிக் காலத்தில் டிவி சீரியலில் நடித்தார். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். உறவு அவ்வளவுதான்.

நாடகக்காரர்களுக்கு வேன் ஓட்டித்தான் என் குடும்பம் பிழைத்தது. எங்கள் பக்கம் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வெளியூர் ஆட்களுக்கு இது தெரியாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் புக் பண்ணுவார்கள். ராஜபார்ட், அதாவது கதாநாயகன், திண்டுக்கல்லிலிருந்து வருவார். பபூன் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மதுரை. மேக்கப் போடுகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். பேச்சு அவரவர் வாயில் இருக்கும். மேடையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று தர்க்கம் பண்ணுவார்கள். அவர் ஒன்று கேட்டால் இவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் நின்றால் தோற்றுப்போன மாதிரி. அடுத்த வருஷம் அந்த ஊரில் கூப்பிட மாட்டார்கள்.

அக்கா பதில் இல்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு ஊர். முன்வரிசையில் ஒருவன் தண்ணி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பாட்டின் நடுவில் எழுந்து, “ஏய், ஒனக்கு என்ன வயசு?” என்று கத்தினான். அக்கா பாட்டை நிறுத்தினார். ஆர்மோனியமும் நின்றது.

“என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தியா? ஒங்க ஆத்தாளைக் கூட்டிட்டு வா. நானும் அவளும் ஒரு செட்டுத்தான். வயசு அவளே சொல்லுவா.”

கூட்டம் அடங்க நேரமானது. அவனுடைய அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். அவர்தான் அதிகமாகச் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

மேடையில் இது நல்லது. இறங்கின பிறகும் அவர் அப்படியே இருந்தார். அதுதான் சங்கடம். ஆரப்பாளையத்தில் ஒரு நாள் வேனைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தேன். போலீஸ்காரர் வந்து கம்பால் பேனட்டைத் தட்டி, “எம்புட்டு நேரம் போட்டிருப்ப?” என்றார். தப்பு என்னுடையது. எடுத்துவிடலாம் என்று சாவியைத் திருப்பினேன். பின்சீட்டிலிருந்து அக்கா தலையை நீட்டினார்.

“வண்டியை அடிக்கிறீங்க, ஆளைக் கேக்குறீங்க. ரெண்டு பேர்ல யாரு பதில் சொல்றது சார்?”

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டும் எழுதினார். சீட்டு என் பெயரில் வந்தது.

“விட்டுருக்கலாம்ல அக்கா” என்றேன்.

“எப்படி விடுறது? கேட்டுட்டாருல்ல.”

அவருக்கு ஒரு மகள். மகளின் அப்பா யார் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. வேறு குடும்பம் உள்ள ஆள், பிள்ளை பிறக்கும் முன்பே கழன்றுகொண்டான் என்று மற்றவர்கள் பேசுவார்கள். மகளை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். நாடகம் நடக்கிற ஊருக்கு ஒரு தடவைகூடக் கூட்டி வரவில்லை. மகளுக்கு அம்மாவின் மேடைப் பேச்சு தெரியாது. வீட்டுப் பேச்சு தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

சீரியல் வந்தது அவருக்கு ஐம்பது தாண்டின பிறகு. சோழவந்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அக்காவுக்கு மாமியார் வேஷம். முதல் நாள் நானும் மரத்தடியில் நின்று பார்த்தேன். மருமகளாக வந்தது சென்னைப் பெண். “இந்த வீட்டுல எனக்கு யார் இருக்கா அத்தை?” என்று கேட்டுவிட்டு அழ வேண்டும். அக்கா பேசாமல் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் கேட்டது. அக்கா உடனே, “ஏன், வாசல்ல நாய் இருக்கு, கொல்லையில மாடு இருக்கு, நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்ல” என்றார்.

டைரக்டர் கட் சொன்னார். சின்ன வயசுப் பையன். தன்மையானவன்.

“அம்மா, இங்க உங்களுக்கு டயலாக் இல்ல.”

“இம்புட்டு கேட்டுட்டாளே தம்பி. நான் மரமாட்டம் நின்னா சனங்க என்ன நெனைக்கும்?”

“கேமரா உங்க மூஞ்சியக் காட்டும்மா. அதுதான் பதில்.”

“மூஞ்சி என்னத்தச் சொல்லும்?”

மறுபடி எடுத்தார்கள். மறுபடி பதில் சொன்னார். முதலில் சொன்ன பதில் இல்லை, புதுசு. ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு பதில். அந்தச் சென்னைப் பெண் அழ முடியாமல் சிரித்துவிட்டது.

அடுத்த வாரம் கதையை மாற்றினார்கள். மாமியாருக்குப் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு போய்விட்டது. அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நரைமுடி விக்கு, ஒரு பழைய போர்வை. மூன்று வருஷம் அந்தக் கட்டிலிலேயே படுத்திருந்தார். நாடகத்தில் பேசிப் பேசிக் கிடைக்காத பேர் படுத்தே கிடைத்தது. அவர் கண்ணை உருட்டினால் வீடு வீடாக அழுதார்கள்.

“தம்பி, என் வாயைக் கட்டிட்டாக. அதுக்குச் சம்பளம் வேற” என்பார்.

சிரிப்பாகத்தான் சொல்வார். ஆனால் சாயங்காலம் வேனில் ஏறினதும் ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நின்று யார் யார் என்னென்ன பேசினார்களோ, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். மகன் சொன்னதற்கு ஒன்று. மருமகள் சொன்னதற்கு ஒன்று. வக்கீல் வந்து கையெழுத்துக் கேட்டதற்கு ஒன்று. சோழவந்தானிலிருந்து திருநகர் வரை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வீட்டில் இறங்குவார். முடியவில்லை என்றால், “இன்னொரு சுத்து சுத்துடா” என்பார். சுற்றுவேன்.

நல்ல பதில்கள். கேட்டது நான் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் வந்தது. மகள் தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தது. பையனுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பிறகுதான் தரகர் மூலமாக வந்தார்கள். பையன் வீடு திருமங்கலம் பக்கம். நிலம் நீச்சு உள்ள குடும்பம். அம்மா டிவியில் நடிக்கிறவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அதற்கு மறுப்பு இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். தரகர் வெளியூரில் வியாபாரம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யை அவிழ்க்க அக்காவுக்கு மனசில்லை. ஆள் புக் பண்ணினார்.

புக் பண்ணினது ஒரு ராஜபார்ட்டை. அக்காவோடு நூறு மேடையில் நின்றவர். வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை, தலைக்கு மை. நாடகத்துக்குக் கூப்பிடுகிற மாதிரியே வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கூப்பிட்டார். அவரும் அப்படித்தான் வந்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கால் மணி நேரம் முன்னால்.

“என்ன கதை தங்கச்சி?”

“அப்பா வேஷம்ணே. அரை மணி நேரம்.”

“பாட்டு உண்டா?”

“பாட்டு கீட்டுப் பாடிறாத. கொஞ்சமாப் பேசு.”

“கல்யாணத்துக்கும் நான்தானா?”

“அத அப்புறம் பாத்துக்கிருவோம்.”

என்னைக் கூடப்பிறந்த தம்பியாக உட்காரச் சொன்னார் அக்கா. “நீ சும்மா உக்காரு. ஒனக்கு அது நல்லா வரும்” என்றார்.

மகளுக்கு அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறார். மகள் அடுப்படியில் நின்று, “வேணாம்மா. உள்ளதச் சொல்லிருவோம். கட்டிக்கப் போறவருகிட்ட நான் ஏற்கெனவே பாதி சொல்லிட்டேன்” என்றது.

“உள்ளதச் சொன்னா காப்பிய வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாக. நாலு பேரு முன்னாடி அது எனக்குப் பழக்கம். ஒனக்கு வேணாம்.”

ராஜபார்ட் அக்காவை எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வந்தவர்கள் முன்னாலும் வாய் தவறிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். “அக்கா, ஒரு தடவை பேசிப் பாத்துக்கிருங்க” என்றேன்.

“முப்பது வருசமா பேசிப் பாத்துட்டா மேடை ஏறுனோம்?”

நான் விட்டுவிட்டேன்.

வந்தார்கள். பையனுடைய அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் பார்த்த முகம் நடமாடுகிறதே என்று இருந்திருக்கும். காப்பி கொடுத்தார்கள். மகள் வந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. ராஜபார்ட் தங்கச்சி என்று சொல்லவே இல்லை. “இவளே” என்றுதான் கூப்பிட்டார். நல்ல நடிகர்.

பெரியப்பா பேச்சுக்காகக் கேட்டார். “பாப்பா பெறந்தது எங்க? மதுரையிலயா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். ராஜபார்ட்டுக்கு அப்படிச் சொல்ல வராது. கேள்வி வந்தால் அதை நாலு வரியாக எடுத்துக் கட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

“மதுரைதான். அன்னைக்கு என்னா மழைங்கிறீக! ரோடு பூராத் தண்ணி. இவள ரெண்டு கையில தூக்கிட்டு ஓடுனேன் ஆஸ்பத்திரிக்கு. நர்சம்மா பிள்ளைய மொதல்ல என் கையிலதான் குடுத்துச்சு. இன்னைக்கும் அந்தச் சூடு உள்ளங்கையில இருக்கு.”

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். பையனுடைய அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். மேடையில் ராஜபார்ட் பேசி முடிக்கும்போது அவர் கழுத்தை ஒரு பக்கம் வெட்டுவார். அப்படி வெட்டினார். பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க இருமலாம், தண்ணீர் கேட்கலாம், எழுந்து நிற்கலாம். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“யாரு, நீ தூக்குன?” என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி கிண்டல் என்று நினைத்தார்கள். ராஜபார்ட்டும் அப்படித்தான் நினைத்தார். தர்க்கத்துக்கு இழுக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பின்ன, ஊர்க்காரனா தூக்குனான்?”

“மழையா? வைகாசி வெயிலு. தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. ஒரு ஆட்டோ நிக்கல.”

“மறந்துட்ட இவளே. வலியில ஒனக்கு என்ன தெரியும்?”

“வலி எனக்குத்தான. எனக்குத் தெரியாதா? வயித்தப் பிடிச்சுக்கிட்டு தனியா நடந்தேன். கையெழுத்துப் போட ஆள் இல்லன்னு பெஞ்சுல உக்கார வச்சாக. பக்கத்துக் கட்டில் பொம்பளையோட புருசன் போட்டான் கையெழுத்து. பிள்ளைய அந்த ஆளு கையிலதான் குடுத்தாக. அது அவன் புள்ளைன்னு நெனச்சு.”

“நான் வெளிய பால் வாங்கப் போயிருந்தேன்.”

“பாலா? அந்த ஆளு ஒரு நாளு எட்டிப் பாத்திருப்பானா? பேரு வைக்கவாவது வந்தானா?”

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எந்த ஆளும்மா?”

அக்கா வாயைத் திறந்தார். ராஜபார்ட்டைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மகள்தான் எழுந்தது. “எங்க அப்பாவச் சொல்றாங்க. இவரு எங்க அப்பா இல்ல. அம்மாவோட நாடகத்துல நடிக்கிறவரு. இவரு எங்க மாமாவும் இல்ல. வேன் ஓட்டுறவரு. எனக்கு அம்மா மட்டுந்தான்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அவர்கள் சத்தம் போடவில்லை. எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். தரகர் முன்னால் போனார். பையன் மட்டும் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். அவன் அப்பா கூப்பிட்டார். போய்விட்டான்.

மகள் அம்மாவிடம் வந்தது. “அரை மணி நேரம். அரை மணி நேரம் வாயை மூடியிருந்தா போதும். அதுகூட எனக்காகச் செய்ய முடியலையாம்மா?”

“ஒன்ன மொதல்ல தூக்குனதே அவன்தான்னு சொல்றான்டி. ஒத்த ஆளாப் பெத்தேன். அந்த இடத்துல ஒரு ஆம்பளைய நிக்க வச்சுட்டான்.”

“நிக்கட்டுமே. அதுக்குத்தான கூப்பிட்ட?”

அக்கா பதில் சொல்லவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

ராஜபார்ட் மறுநாள் வந்து வெற்றிலையில் வைத்துக் கொடுத்த பணத்தைத் திருப்பி நீட்டினார். “ஆட்டம் முழுசாகல தங்கச்சி. இது எனக்கு ஒட்டாது.”

“நீ நல்லாத்தாம்ணே நடிச்ச. அதான் வெனையே” என்றார் அக்கா. வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு மாசம் கழித்து எனக்குப் போன் வந்தது. பையனின் அப்பா. தாய்மாமன் என்று தரகர் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். பையன் வேறு பெண் வேண்டாம் என்று நிற்கிறானாம். அந்தப் பெண் எழுந்து நின்று உண்மையைச் சொன்னது தனக்கும் பிடித்திருந்ததாம். கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று. அம்மாக்காரி மணமேடைக்கு வரக் கூடாது. எங்களை முட்டாளாக்கின ஆளை எங்கள் சனத்துக்கு நடுவில் நிறுத்த முடியாது என்று தன் அண்ணன், அதாவது அந்தப் பெரியப்பா, சொல்கிறாராம். தாய்மாமன் வேலையை நீங்களே செய்துவிடுங்கள், அது பரவாயில்லை.

“நானும் அன்னைக்குப் பொய்யாத்தான் உக்காந்திருந்தேன்” என்றேன்.

“நீங்க ஒண்ணும் பேசலையே” என்றார்.

முதலில் மகளிடம் சொன்னேன். சில நாள் கழித்துச் சோழவந்தானிலிருந்து திரும்பும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் அன்றைய பதில்களை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

“அவ சரின்னுட்டாளா?”

“ரெண்டு நாள் மாட்டேன்னுச்சு. நேத்து சரின்னுருச்சு.”

அன்றைக்குக் கட்டிலைச் சுற்றிப் பேசின யாருக்கும் பதில் கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் இன்னொரு சுற்று போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கினார்.

கல்யாணத்தன்று காலையில் அவரை நான்தான் மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். பச்சைப் பட்டு கட்டியிருந்தார். மேடைக்குத்தான் வரக் கூடாது, கீழே நாற்காலியில் உட்காரலாம். கடைசி வரிசையில் இடம் பார்த்து வைத்திருந்தேன். அவர் வேனை விட்டு இறங்கவில்லை.

“உள்ள உக்காந்தா யாராச்சும் என்னமாச்சும் கேப்பாக. நான் பதில் சொல்லிருவேன். நீ போ.”

போனேன். எனக்கு மாலை போட்டார்கள். பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். கூட்டிப் போனேன். அது என் பக்கம் சாய்ந்தது. “அம்மா எங்க?” என்று காதுக்குள் கேட்டது. வேனில் என்றேன். தலையை ஆட்டியது. தாலி கட்டியாயிற்று.

மாலையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். வேன் கதவருகே பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தட்டு. கேசரி, வடை. யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக வந்திருப்பார் போல. மூச்சு வாங்கியது.

“சாப்பிடுங்க” என்றார். தட்டைச் சீட்டில் வைத்தார். போகவில்லை. சேலை முந்தியைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

“தப்பா நெனைக்காதீக. அந்தக் கட்டில்ல இருந்து நீங்க எந்திரிப்பீகளா? மூணு வருசமாப் பாக்குறேன். மனசு கெடந்து அடிச்சுக்குது.”

இதற்கு அக்காவிடம் பத்துப் பதில் இருந்திருக்கும். நான் காத்திருந்தேன்.

“தெரியல சம்பந்தி” என்றார் அக்கா.

அந்த அம்மா சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அக்கா வடையைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார்.

“மேடையில குடும்ப போட்டோ எடுத்தாகளா தம்பி?”

“எடுத்தாகக்கா. பாப்பா பக்கத்துல நான் நின்னேன்.”

“மாப்ள பக்கம் எம்புட்டு பேரு நின்னாக?”

“இருபத்தொண்ணு.”

“நம்ம பக்கம்?”

“ரெண்டு.”